தங்கச்சி பேரில் கொடுத்த ரத்தம்

ரயில்வே குவாட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ்.
14.7.1986

அன்புள்ள அக்கா,

சந்திரா எழுதுகிறேன். நானும் இவரும் பிள்ளை லெட்சுமியும் இருக்கிறோம். இதை மாமா வேலைக்குப் போன பிறகு படி.

எதிர்வீட்டு கார்த்திகேசு அங்கிளிடம் டெலிபோன் இருக்கிறது. ஆனால் அது அவர் ஹாலில் இருக்கிறது. நாம் பேசி முடிக்கும்வரை அவர் பேப்பரில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீயும் கீழ்க்கடை போனில்தான் பேச வேண்டும், அங்கே ஊரே நிற்கும். அதனால்தான் தபால்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, 22-ஆம் தேதி, எனக்குப் பதிலாக நீ ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும்.

கோபப்படாதே. போன தடவை என் கையில் ஏழு இடத்தில் குத்தினார்கள். அந்த மஞ்சள் ஊசி போட்டதிலிருந்து என் நரம்பெல்லாம் சுருண்டு போய்விட்டது. உன் கையில் பச்சை நரம்பு கயிறு மாதிரி தெரியும். நாம் இரண்டு பேரும் ஒரு தாய் ரத்தம்தானே. எனக்கு எப்படியும் குணமாகிவிட்டது, இப்போது எடுப்பதெல்லாம் அட்டையில் எழுதிக்கொள்ளத்தான்.

என்னைத் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி வீரம்மா ஒருத்திதான். அவள் அந்த வாரம் லீவு. மற்றவர்களுக்கு அட்டைதான் தெரியும், முகம் தெரியாது. ஏதாவது கேட்டால் சொல்வதற்காக எல்லாவற்றையும் எழுதுகிறேன், மனப்பாடம் செய்துகொள்.

போன வருஷம் மே மாதம் வயிற்றில் பிள்ளைக்குப் பதிலாக திராட்சைக் குலை மாதிரி முத்துப்பிள்ளை வளர்ந்து, அதை எடுத்தார்கள். எடுத்த பிறகும் அதன் மிச்சம் ரத்தத்தில் போய் கேன்சராகிவிட்டது. ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை நாலு தடவை மஞ்சள் ஊசி. அந்தக் கேன்சர் உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் ரத்தத்தில் ஒரு சத்தை விடுமாம். அதை அளந்து நம்பர் சொல்வார்கள். ஊசிக்கு முன்னால் என் நம்பர் நாற்பதாயிரம். ஒவ்வொரு ஊசிக்கும் இறங்கி, கடைசியில் ஐந்துக்குக் கீழே வந்தது. ஐந்துக்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை. அதன் பிறகு ஒரு வருஷம் மாதாமாதம் ரத்தம் கொடுக்க வேண்டும், அதுவரை பிள்ளை உண்டாகக் கூடாது. எட்டு மாதம் முடிந்தது.

பேர் கேட்டால் சந்திரகலா. பிறந்தது 3.11.1958. தலைக்குக் குளிப்பது மாதம் தவறாமல் என்று சொல். பிள்ளை உண்டாகாமலிருக்கிற மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்றால் ஆமாம் என்று சொல். பச்சை அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். ஆறாம் நம்பர் ஜன்னல்.

இந்த ஒரு தடவைதான் அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் தங்கை,
சந்திரா


ஜாலான் தெங்கு கிளானா,
கிள்ளான்.
23.7.1986

சந்திராவுக்கு,

போனேன். கொடுத்தேன். இனி இந்தப் பேச்சை எடுத்தாயானால் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன்.

காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் முப்பது பேர். எல்லாரும் பச்சை அட்டை. பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெண், இருபது வயதுகூட இருக்காது, தலையில் துண்டு கட்டியிருந்தாள். உள்ளே ஒரு முடி இல்லை. "காக்கா உங்க நம்பர் எவ்வளவு?" என்று மலாயில் அக்கா போட்டு, பரீட்சை மார்க்கு மாதிரிக் கேட்டாள். ஐந்துக்குக் கீழே என்று உன் நம்பரைச் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லி ஒருத்தியிடம் ஆசீர்வாதம் வாங்கின மாதிரி இருந்தது.

ஜன்னலில் இருந்த மிஸ்ஸி அட்டையைப் பார்த்துக்கொண்டே, "கடைசிப் பிள்ளை எப்ப பொறந்துச்சு?" என்று கேட்டாள். நீ இதை எழுதவில்லை. "அஞ்சு வருஷம் ஆச்சு, பொம்பளப் பிள்ள," என்றேன். பதினோரு வருஷமாக டாக்டர், கோயில், நாட்டு மருந்து என்று அலைந்து ஓய்ந்தவள் நான். என் வாயால் எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காகவே உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும்.

ஒரே குத்து, ரத்தம் வந்துவிட்டது.

அட்டையை உன்னிடம் கொடுக்க பிரிக்பீல்ட்ஸ் வந்தேனே, அப்போது நீ கதவைத் திறக்குமுன்னாலேயே படிக்கட்டில் உன் இருமல் கேட்டது. உள்ளே வந்ததும் தண்ணீர் குடிக்கிற மாதிரி அடக்கிக்கொண்டாய். நான் இருந்த அரை மணி நேரத்தில் நாலு தடவை எழுந்து சமையற்கட்டுக்குப் போனாய். குழாயைத் திறந்துவிட்டால் சத்தம் கேட்காது என்று நினைத்தாயா? எத்தனை நாளாக இருக்கிறது?

நரம்பு கதையை வேறு யாரிடமாவது சொல். உண்மையை எழுது.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்.
4.8.1986

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மலாயில் நாலே வரி. 'டத்தாங் செகெரா' என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு. உடனே வா என்று. மாற்றுத் துணியும் கொண்டுவர வேண்டுமாம். நம்பரையும் போட்டிருக்கிறார்கள். இருபத்தோராயிரத்து அறுநூறு.

அக்கா, அது என் ரத்தம் இல்லை.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு லெட்சுமிக்குச் சோறு ஊட்டினேன். அவள், "ஏம்மா எனக்கே திரும்பத் திரும்பக் குடுக்கிறே, வாய்ல இருக்கு," என்கிறாள். அப்போதுதான் கவனித்தேன்.

அந்தச் சத்து முத்துப்பிள்ளை கேன்சரிலிருந்துதான் வருகிறது. உனக்கு முத்துப்பிள்ளை வந்ததே இல்லையே, பிறகு எப்படி? ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்களுக்கு வருமா? அம்மா வயிற்றில் கட்டி வந்துதானே போனாள்? உனக்கு ரத்தம் போகிறதா? மூச்சு வாங்குகிறதா? தலை சுற்றுகிறதா? ஒன்றையும் மறைக்காமல் எழுது.

நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசியிலிருந்து இருமல். முதலில் சளி என்று நினைத்தேன். டாக்டர் வோங் முதல் நாளே சொன்னார், இது திரும்பி வந்தால் முதலில் நெஞ்சுக்குத்தான் போகும் என்று. அந்த நம்பரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊசி போட்ட நாளில் வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தேனே, மறுபடியும் அதா? உன் ரத்தம் போனால் நல்ல நம்பர் வரும், இன்னும் ஒரு மாதம் லெட்சுமியோடு நிம்மதியாக இருக்கலாம், அதற்குள் இருமல் தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன். பைத்தியக்காரிதான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இவருக்குத் தெரியாது. கடிதத்தை மைலோ டின்னுக்குள் வைத்திருக்கிறேன். கிள்ளானில் யாராவது பிரைவேட் டாக்டரிடம் போய் நீ காட்டு. ஆஸ்பத்திரிக்கு நான் பதில் எழுதவில்லை.

சந்திரா


கிள்ளான்.
7.8.1986

சந்திரா,

உன் கடிதத்தைத் தையல் மெஷின்மேல் வைத்துப் படித்தேன். பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அது தைத்து முடிந்தபாடில்லை.

கேட்டாயே, எழுதுகிறேன். ஒரு மாதமாக உடம்பு என்னுடையதாக இல்லை. மெஷின் எண்ணெய் வாடை பட்டால் குமட்டுகிறது. சோற்றைப் பார்த்தால் எழுந்து ஓடுகிறேன். மத்தியானமானால் துணிக்குவியல்மேலேயே தூங்கிப் போகிறேன். மாரில் வலி. தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்காதே, எனக்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிசயமாயிற்றே. இதெல்லாம் வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது நீ எழுதியதைப் படித்தபிறகு ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் தெரிகிறது. அம்மாவும் இப்படித்தான் சோற்றை ஒதுக்கினாள்.

பயமாக இருக்கிறது. எனக்குப் பயம் வராது என்று நீ நினைப்பாய். வருகிறது. நேற்று அவர் லோரியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனுக்கு இனி யார் சோறு போடுவார்கள் என்று அங்கேயே அழுதுவிட்டேன். "என்னாச்சு புஷ்பம், கண்ணுல தூசா?" என்றார். ஆமாம் என்றேன்.

அது கிடக்கட்டும். என்னுடையதைப் பிறகு பார்க்கலாம். நீ நன்றாகக் கேள். என் ரத்தத்தை அளந்துவிட்டார்கள், என்ன இருந்தாலும் ஒரு நம்பர் தெரிந்துவிட்டது. உன் ரத்தத்தை ஜூன் மாதத்துக்குப் பிறகு யாருமே பார்க்கவில்லை. நீ இருமிக்கொண்டிருக்கிறாய். அட்டையில் உன் பேருக்கு நேரே என் நம்பர் இருக்கிறது. அதை நம்பி உனக்கு மருந்து கொடுத்தாலும் ஆபத்து, நீ போகாமல் இருந்தால் அதைவிட ஆபத்து. என் ரத்தத்தை வைத்து உனக்கு வைத்தியம் பார்ப்பார்களா? யோசித்தாயா?

போய் டாக்டரிடம் உண்மையைச் சொல். நான்தான் கொடுத்தேன் என்று சொல். என்னைப் பிடித்து உள்ளே போட்டாலும் பரவாயில்லை. வருகிற புதன்கிழமைக்குள் நீ போகாவிட்டால் நானே வந்து டாக்டரிடமும் உன் புருஷன் ராமலிங்கத்திடமும் சொல்லிவிடுவேன்.

நான் போனால் ஒரு மனுஷன் சோற்றுக்குக் கஷ்டப்படுவான். உனக்கு லெட்சுமி இருக்கிறாள்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்.
9.8.1986

அக்கா,

மிரட்டாதே. உன்னால் சுலபமாகச் சொல்ல முடிகிறது. சொன்னவுடன் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரியை ஏமாற்றினவள் என்று வெளியே தள்ளுவார்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே கட்டிலில் போட்டுவிடுவார்கள். போன வருஷம் நான் வார்டில் கிடந்தபோது லெட்சுமி ஒரு மாதம் பேச்சையே நிறுத்திவிட்டாள். இப்போதுகூட நான் பையை எடுத்தால் வந்து வாசலை மறித்துக்கொள்கிறாள். அவளை விட்டுப் போ, விட்டுப் போ என்று சொல்கிறாயே. பிள்ளை பெற்றிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

என்னைக் கொஞ்ச நாள் விடு.

சந்திரா


கிள்ளான்.
12.8.1986

சந்திரகலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசிக்கு முந்தின வரியை நன்றாகவே படித்தேன்.

20-ஆம் தேதி புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறாம் நம்பர் ஜன்னல் முன்னால் நிற்பேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அதற்கு முன்னால் உனக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை.

புஷ்பவல்லி


ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
கோலாலம்பூர்.
15.8.1986

அன்புள்ள அக்கா,

இதை இவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் நானேதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. மாமா பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. 'சந்திரகலாவுக்கு' என்று இதுவரை நீ எனக்கு எழுதியதே இல்லை. அதைப் பார்த்ததும் இருமல் வந்தது, கைக்குட்டையில் ஒரு சொட்டு ரத்தம். லெட்சுமியைக் கார்த்திகேசு அங்கிள் வீட்டில் விட்டுவிட்டு நேராக இங்கே வந்துவிட்டேன்.

டாக்டர் வோங் என்னைப் பார்த்ததும் கோபத்தில் கொதித்துப்போய் நின்றார். கடிதம் போட்டு இரண்டு வாரமாயிற்று, எங்கே போனாய் என்று மலாயில் பொரிந்து தள்ளினார். மிஸ்ஸி வீரம்மாவும் பக்கத்தில் இருந்தாள். நான் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "அது என் ரத்தம் இல்ல டாக்டர். எங்க அக்கா ரத்தம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மலாய் வரவில்லை. வீரம்மா கையிலிருந்த அட்டையை மேஜையில் போட்டாள்.

"ஏம்மா சந்திரா, என்னா வேலை பண்ணிருக்கே நீ? வெளையாட்டுச் சாமான் கடையா இது? ஒனக்கு மூணு மருந்து ஏத்துறதுக்கு எல்லாம் எழுதி வச்சாச்சு லா, தெரியுமா?"

பிறகு அவள் டாக்டருக்குச் சொன்னாள். நான் அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வீரம்மாவிடம் மெதுவாக என்னவோ கேட்டார். வீரம்மா என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் கேக்குறாங்க, ஒங்க அக்காவுக்கு வயசு என்னா? கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சாங்க?"

முப்பத்து நாலு என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் என்றேன். உனக்குக் குமட்டுவதையும், மெஷின் எண்ணெய் வாடையையும், மத்தியானத் தூக்கத்தையும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வீரம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "எங்க அக்காவுக்கும் கேன்சரா மிஸ்ஸி?" என்று கேட்டுவிட்டேன்.

"அட கூமுட்ட," என்றாள். "பிள்ள உண்டான எந்தப் பொம்பள ரத்தத்திலயும் இந்தச் சத்து இருக்கும். அதனாலதானே ஒன்னை பிள்ள உண்டாகக் கூடாதுன்னு சொன்னோம்? உண்டானா நம்பர் ஏறும், எதனால ஏறுதுன்னு எங்களால கண்டுபிடிக்க முடியாது. போன வருசமே சொன்னோமே, காதுல வாங்கலயா?"

சொல்லியிருப்பார்கள் அக்கா. அன்றைக்குக் கேன்சர் என்ற சொல்லைக் கேட்ட பிறகு என் காதில் வேறு எதுவும் விழவில்லை. கர்ப்பப்பை ஆறத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

உடனே சந்தோஷப்படாதே. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். அந்த நம்பரை வைத்து உள்ளே இருப்பது பிள்ளையா, எனக்கு வந்தது மாதிரி முத்துப்பிள்ளையா என்று சொல்ல முடியாது. ஸ்கேன் போட்டால்தான் தெரியும். அதனால் புதன்கிழமை நீ வா, ஆனால் ஆறாம் நம்பர் ஜன்னலுக்குப் போகாதே. பிரசவப் பகுதியில் உன் பேரில், உன் சொந்தப் பேரில், சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. என் வார்டுக்கு மட்டும் வரக் கூடாதாம். இங்கே ஏற்றுகிற மருந்து உண்டான பெண்களுக்கு ஆகாது.

என்னிடமும் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையை ஓங்கினார், பிறகு அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பிள்ளை பெற்றிருந்தால் என்று உனக்கு எழுதினேனே. என் கை அழுகிப் போகட்டும். அதை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சந்திரா


கிள்ளான்.
22.8.1986

கண்ணு சந்திரா,

ராமலிங்கம் கொண்டுவந்து விட்டதிலிருந்து லெட்சுமி என்னிடம்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள். முதல் இரண்டு நாள் பேசவில்லை. நேற்று மெஷின் மிதிக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "பெரியம்மா, இதுல எங்க அம்மாவுக்கு ஒரு சட்டை தையேன், பின்னால தெறந்த மாதிரி, ஆஸ்பத்திரில அப்படித்தான் போடுறாங்க," என்றாள். தைத்துக்கொண்டிருக்கிறேன். பூப்போட்ட துணி.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் படுக்கவைத்தார்கள். உன் வயது இருக்கும், ஒரு சீனப் பையன், டாக்டராம், குளிர்ந்த களிம்பைத் தடவி எதையோ வைத்து அழுத்தினான். சின்ன டிவியில் மழை பெய்கிற மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தது. உனக்கு வந்தது திராட்சைக் குலை மாதிரி இருந்தது என்றாயே, நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் குலை மாதிரியே தெரிந்தது. உன் மாமா என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதற்குமேல் கிட்டே வரப் பயம். கடவுளே, இந்தப் பையன் ஏன் பேசமாட்டேன் என்கிறான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். பிறகு அவன் விரலால் காட்டினான். ஒரு இடத்தில் மட்டும் என்னவோ துடித்துக்கொண்டிருந்தது. "ஜன்துங்," என்றான். இதயமாம்.

உன் மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது, சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. வெளியே வீரம்மா காத்துக்கொண்டிருந்தாள். உன்னைப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு உன் நம்பரைச் சொன்னாள். மூவாயிரத்துத் தொள்ளாயிரம். நெஞ்சில் இரண்டு இடத்தில் இருக்கிறதாம். மூன்று மருந்து சேர்த்து ஏற்ற வேண்டுமாம். "போன மாசமே தெரிஞ்சிருந்தா ஒரு மருந்தாவது கொறச்சலா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன மாதம் அந்த ஜன்னலில் கையை நீட்டியது யார்? நான்தானே. நீ சின்னவள், பயந்தவள், நீ கேட்டாய். எனக்குப் புத்தி எங்கே போயிற்று? அன்றைக்கே முடியாது என்று சொல்லி, உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றவளைத் தடுக்காமல் டிக்கெட் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. நீ அங்கே உள்ளே கிடக்கிறாய். நான் இங்கே வயிற்றைத் தடவிக்கொண்டு இருக்கிறேன். சோறு இறங்கவில்லை. பிள்ளைக்காகச் சாப்பிடு என்கிறார். சாப்பிட்டால் உன் பங்கையும் சேர்த்துத் தின்கிற மாதிரி இருக்கிறது. உனக்கு ஏதாவது ஆனால் இந்தப் பிள்ளையை நான் எந்த முகத்தோடு தூக்குவேன்?

நீ எழுதினதை நான் அப்போதே மறந்துவிட்டேன். நீயும் மற.

மருந்து ஏற்றினார்களா? ஒரு வரியாவது எழுது.

அக்கா


பெண்கள் வார்டு.
10.9.1986

அன்புள்ள அக்கா,

பூப்போட்ட சட்டை வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் எங்கே தைத்தது என்று கேட்கிறார்கள். ஆறு பேர் துணி எடுத்துத் தருகிறார்களாம், நீ தயாராக இரு.

கை நடுங்குவதால் எழுத்து கோணலாக இருக்கும், பயப்படாதே. மூன்று மருந்தும் ஒரு சுற்று ஏற்றி முடிந்தது. முடி கொத்துக் கொத்தாக வந்ததால் வீரம்மா மழித்துவிட்டாள். அன்றைக்கு நீ சொன்னாயே, தலையில் துண்டு கட்டின மலாய்ப் பெண், அவள் பேர் நோரைனி. எதிர்க் கட்டில்தான். "அன்னைக்கு வந்த காக்காவும் நீயும் ஒரே மாதிரி இருக்கீங்க," என்று சந்தேகமாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அரை நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, இனிமேல் நீ சொல்கிற நம்பரை நான் நம்பலாமா என்று கேட்டாள்.

நம்பர் போன வாரம் இரண்டாயிரத்து நூறு. இந்த வாரம் ஆயிரத்து நூற்றைம்பது. இறங்குகிறது. டாக்டர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பர்களை ஒரு தாளில் கோடாகப் போட்டுக் காட்டினார். சரிந்து வருகிறது. எவ்வளவு தூரம் சரியும், நடுவில் நின்றுவிடுமா என்று கேட்டேன். வாராவாரம் பார்க்கத்தான் வேண்டும் என்றார். நெஞ்சுப் படத்தை மறுபடி அடுத்த மாதம்தான் எடுப்பார்களாம்.

பயமாக இருக்கிறது அக்கா. வியாழக்கிழமை ரத்தம் எடுப்பார்கள், சனிக்கிழமை நம்பர் வரும். நடுவில் இருக்கிற வெள்ளிக்கிழமை முழுக்க நான் யாரோடும் பேசுவதில்லை. இருமல் வந்தால் எண்ணுகிறேன். நேற்று ஒன்பது. லெட்சுமி என் தலையைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்து அழுகிறேன். இதையெல்லாம் முன்னே மாதிரி மறைக்கமாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

நீ எழுதினதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். கையை நீட்டியது நான்தானே என்று உன்னையே திட்டிக்கொண்டு சோறு தின்னாமல் இருக்கிறாய். படுத்துக்கொண்டே இதை யோசித்துப் பார்த்தேன். இங்கே எனக்கு வேறு வேலை என்ன?

நீ அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன் என்று நினைக்கிறாய். போயிருக்க மாட்டேன். அட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி வீட்டிலேயே இருந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் யோசி. உன் வயிற்றில் ஒன்றுமில்லாமல் நீ அன்றைக்கு அந்த ஜன்னலுக்குப் போயிருக்கிறாய் என்று வைத்துக்கொள். நம்பர் என்ன வந்திருக்கும்? இரண்டு, மூன்று. கடிதம் வந்திருக்காது. நான் என்ன செய்திருப்பேன்? ஆகஸ்டிலும் உன் காலைப் பிடித்திருப்பேன். செப்டம்பரிலும் பிடித்திருப்பேன். நீ பல்லைத் தட்டுவேன் என்று திட்டிக்கொண்டே போயிருப்பாய். நவம்பரில் குணமாகிவிட்டது என்று என் அட்டையை மூடிக் கொடுத்திருப்பார்கள். நான் இனிப்புச் செய்து குவாட்டர்ஸ் முழுக்கக் கொடுத்திருப்பேன். நெஞ்சுக்குள்ளே அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

அந்த இருபத்தோராயிரத்து அறுநூறுதான் சிவப்புக் கோடு போட்ட கடிதமாக என் வீட்டுக்கு வந்தது. அதுதான் என்னை இழுத்துக்கொண்டு வந்து இந்தக் கட்டிலில் போட்டது. அது நீ செய்ததும் இல்லை, நான் செய்ததும் இல்லை. கடுகளவு இருந்துகொண்டு உன் பிள்ளை செய்த வேலை.

அதனால் நீ சாப்பிடு. உன் பங்கையும் சாப்பிடு, என் பங்கையும் சாப்பிடு.

நாளைக்கு வியாழக்கிழமை. காலையில் ஊசியோடு வருவார்கள். நீட்டுவேன் அக்கா. என் கையைத்தான் நீட்டுவேன்.

சந்திரா